கண்ணாடிக் கட்டடமும் ஓட்டை வாளியும்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதி நாட்களை இலங்கையில் வாழ்ந்த எவரும் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் முடிவில்லா வரிசைகள். 31 ஆம் திகதியளவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியிருந்தது. கொழும்பில் எமது பத்திரிகை அலுவலகத்தில் நாம் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் வியர்க்கிறது. மின்பிறப்பாக்கிக்கான டீசலை அச்சு இயந்திரத்துக்கென ஒதுக்கிவிட்டார்கள். ஆசிரியபீடத்தில் வளிச்சீராக்கி இயங்கவில்லை. யன்னலைத் திறப்போமென்றால் அங்கே திறக்கக்கூடிய யன்னல் ஒன்றுகூட இல்லை. மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை அசையாத கண்ணாடி. மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிகளில் குந்தியிருந்து செய்தி எழுதினோம்.

இதில் எனக்குத் தனிப்பட்ட குற்றவுணர்வும் உண்டு. 2004 இல் அக்கட்டடம் திறக்கப்பட்டபோது வெளியான சிறப்பு அனுபந்தத்தின் முதற்பக்கக் கட்டுரையை எழுதியவன் நானே. அந்தக் கண்ணாடிச் சுவர்களை நவீனத்தின் அடையாளம் என்று வியந்து எழுதியிருந்தேன். மாலை வெயில் அவற்றினூடாக உள்ளே வந்து மேசைகளைச் சுட்டபோது திரைச்சீலை போட்டோம். திரை இருளைத் தந்தது. பகலில் மின்விளக்கு எரித்தோம். விளக்கும் வெயிலும் தந்த வெப்பத்தைத் தணிக்க வளிச்சீராக்கியை 18 பாகைக்கு இறக்கினோம். பின்னர் குளிர் தாங்காமல் மேலங்கி அணிந்துகொண்டோம். இந்தக் கோமாளித்தனத்தைப் பதினெட்டு ஆண்டுகள் எவரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்களும் கேட்கவில்லை.

அதற்கு முன்னர் நாம் இருந்தது சுதந்திரத்துக்கு முந்திய காலத்துப் பழைய கட்டடம். உயர்ந்த கூரை, சுற்றிலும் விறாந்தை, சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரங்கள். 1996 ஆம் ஆண்டு வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, மணிக்கணக்கில் மின்சாரம் தடைப்பட்டபோதும் அங்கே பகல் வேலை நின்றதில்லை. யன்னலோரமாக மேசையை நகர்த்திக்கொண்டால் போதும்.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. அச்சுத்தாளின் விலையோ ஏற்கனவே எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அந்த ஆண்டு எமது நிறுவனம் நால்வரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் என் எழுத்துப் பிழைகளைத் திருத்திய ஒப்புநோக்குநர். அவருடைய சம்பளம் எவ்வளவு என்பது கணக்காளருக்குச் சதம் பிசகாமல் தெரிந்திருந்தது. இரவு முழுவதும் வெறும் நாற்காலிகளைக் குளிரூட்டிய மாநாட்டு அறைக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்தும் யோசனை வந்தது. மின் பொறியியலாளரான நண்பர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அண்ணை, வாளி ஓட்டையெண்டால் முதலிலை வாளியை அடைக்கவேணும். நீங்கள் இன்னொரு கிணறு வெட்ட நிக்கிறியள்.”

அவர் விளக்கிய கணக்கு எளிமையானது. நமது நாட்டில் ஒரு கிலோவாற் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் தரும். ஆனால் ஐந்து மாடிகளுக்கும் இருப்பது ஒரே கூரை. அதிலும் தண்ணீர்த் தாங்கியும் வளிச்சீராக்கியின் வெளிப்பெட்டிகளும் பாதி இடத்தைப் பிடித்திருந்தன. வீணாகும் மின்சாரத்தைக் குறைக்காமல் எத்தனை தகடு போட்டாலும் மேல் மாடிக்குக்கூடப் போதாது. பகலில் இயங்கும் வங்கிக்கும் கடைக்கும் சூரிய மின்சாரம் மிகப் பொருத்தமானது; தேவையும் வெயிலும் ஒரே நேரத்தில் உச்சமடைகின்றன. பத்திரிகைக்கோ இரவில்தான் உயிர். அச்சு இயந்திரம் சுழலும் நேரத்தில் கூரை உறங்கிவிடும்.

இந்தப் பிரச்சினை எம்முடையது மட்டுமன்று என்பதை 2025 காட்டியது. பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய மின்கோளாறால் நாடே இருளில் மூழ்கியது. குரங்கைப் பற்றி உலகமே நகைத்தது. விடுமுறை நாளில் தேவை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்ததால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்ற விளக்கம் பலரின் காதில் விழவில்லை. ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கோரியது. சேமிக்க மின்கலமும், பகலிலேயே பயன்படுத்தும் திட்டமும் இல்லாவிட்டால் இலவச வெயிலும் சுமையாகிவிடும்.

நமக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் அரச ஈட்டு வங்கிக்காகக் கொழும்பில் வடிவமைத்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் காற்றோட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. யன்னல்களுக்கு மேலும் கீழும் காற்று நுழைய வழிவிட்டிருந்தார். 2008 இல் துல்ஹிரியவில் திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலையொன்றில் வழமையான வளிச்சீராக்கிக்குப் பதிலாக நீர் ஆவியாவதால் குளிரும் காற்று பயன்படுத்தப்பட்டது. முற்றங்களையும் மரநிழலையும் முதலில் அமைத்து, அதன்மேல்தான் சூரியத் தகடுகளைச் சேர்த்தார்கள்.

நாங்களும் அந்த ஒழுங்கையே பின்பற்றினோம். மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழற்தட்டிகள் வந்தன. சில கண்ணாடிகளை அகற்றித் திறக்கும் யன்னல்கள் வைத்தோம். வளிச்சீராக்கி 26 பாகைக்கு ஏறியது. மின்விசிறிகள் திரும்பி வந்தன. இறுதியாகவே கூரைக்குத் தகடுகள் ஏறின. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் மின்கட்டணப் பட்டியலைக் கண்டு கணக்காளர் இப்போது பெருமூச்சு விடுவதில்லை. ஒப்புநோக்குநர் மட்டும் திரும்பி வரவில்லை.

இதனை இப்போது எழுதக் காரணமுண்டு. அண்மையில் யாழ்ப்பாணம் போயிருந்தேன். நகரில் புதிதாக எழும் வர்த்தகக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பு கண்ணாடி. அவற்றுள் சிலவற்றுக்கான பணம் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. குளிர்நாட்டில் கண்ணாடியினூடாக வரும் வெயில் வரம். பங்குனி, சித்திரையில் யாழ்ப்பாணத்தில் அது தண்டனை. நாற்சார் வீட்டின் முற்றத்தில் காற்று வாங்கி வளர்ந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் முதலிடும் அன்பர்கள் வரைபடத்தில் ஒப்பமிடும் முன் ஒரேயொரு கேள்வியைக் கேட்டால் போதும்: மின்சாரம் நின்றால் இந்த யன்னல் திறக்குமா?

2004 இல் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.