பாதி இக்லூ

ஓர் இனுயிட் குடும்பத்தைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். இக்லூ எனும் பனிவீட்டுக்குள் அந்தக் குடும்பம் தூங்கி எழுகிறதே, அது பாதி வீடுதான். கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். அந்தக் குளிரில் மேலாடை இல்லாமல் எழுந்து நடித்திருக்கிறார்கள்!

குடும்பத் தலைவர் நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லாகரியால்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருந்த மக்களைப் படத்துக்காக ஈட்டி பிடிக்க வைத்தார்கள்.

கிராமஃபோன் தட்டை நானூக் கடித்துப் பார்க்கும் காட்சிதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. ஒன்றும் அறியாதவராக அவரைக் காட்டியது அநியாயம். கேமராவைப் பழுது பார்த்ததும், ஃபிலிம் கழுவப் பனியைத் துளைத்துத் தண்ணீர் சுமந்ததும் இனுயிட் மக்கள்தானே? அவர்களும் சேர்ந்து எடுத்த படம் என்றே நான் சொல்வேன்.