வீடு திரும்பிய பூனை

புதுச்சேரி நகரின் வடபால் முத்தியால்பேட்டை என்னும் பகுதி உள்ளது. அங்கே தூண்கள் தாங்கும் திண்ணையோடு கூடிய பழைய ஓட்டு வீடொன்றில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார். அகவை எண்பதைக் கடந்தவர். தெருவார் அவரைச் 'சொல்தா தாத்தா' என்று அழைப்பர். படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே புதுவை மக்கள் நாவில் 'சொல்தா' என வழங்குகின்றது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுச்சேரியின் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாளில் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. அந்நாளில் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் சிலர் அந்நாட்டுப் படையிலும் சேர்ந்தனர். அவருள் இம்முதியவரும் ஒருவர். இன்றும் ஆண்டுதோறும் சூலை 14-ஆம் நாள் மார்பிற் பதக்கம் அணிந்து கடற்கரைக்குச் செல்வார். மாலையில் வீடு திரும்பிப் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பூனைகளுக்குச் சோறு வைப்பார்.

பூனைகள் இரண்டு, ஒரு தாய் ஈன்றவை. கரிய நிறமுடைய கடுவன் 'மிளகு'. வெளிர்மஞ்சள் நிறமுடைய பெட்டை 'சந்தனம்'. பெயரிட்டவள் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பேத்தி. ஆறு ஆண்டுகளாக அவை ஒரே சாக்கின்மேல் உறங்கின. ஒன்று மற்றொன்றின் காதை நக்கித் தூய்மை செய்தது. வெயில் முற்றத்தில் எப்பக்கம் சாயுமோ அப்பக்கம் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன.

ஒருநாள் மிளகு மணல் தட்டிற் பலகால் சென்று குந்தியது, ஒரு துளியும் நீர் இறங்கவில்லை, வேதனையால் அரற்றியது. கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகியது. உப்புத் துகள்கள் திரண்டு அதனை அடைத்துக்கொள்வதுண்டு. ஓரிரு நாள் கவனியாது விடின் உயிருக்கே இறுதி நேரும். முதியவர் இதனை அறியார். எனினும், அரற்றும் உயிரைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் இயலவில்லை. அந்தி வேளையிலேயே கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டு சென்றார். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். முன்னங்காலின் மயிரை மழித்து ஊசிவழி நீர்மருந்து ஏற்றினார். மூன்று இரவுகள் மிளகு மருத்துவமனையில் தங்கியது.

நான்காம் நாள் வீடு திரும்பியபோது முதியவருக்கு உண்டான மகிழ்ச்சியே தவறு செய்யத் தூண்டியது. கூடத்தின் நடுவில் கூடையை வைத்து உடனே திறந்துவிட்டார். சந்தனம் ஓடிவந்தது, முகர்ந்தது, மறுகணமே முதுகை வில்லென வளைத்து, வாலைப் பருக்கச் செய்து சீறியது. மிளகு ஓரடி முன்வைத்தது. சந்தனம் பாய்ந்து அறைந்தது. சுவரோரம் ஒதுங்கிய மிளகின் காதில் குருதி துளிர்த்தது. பிரிக்கச் சென்ற முதியவரின் மணிக்கட்டிலும் நான்கு கீறல்கள் விழுந்தன. (பூசலிடும் பூனைகளின் நடுவே வெறுங்கையை நீட்டலாகாது, தலையணையோ அட்டையோ கொண்டு இடையில் மறைத்தலே தக்கது.)

“சாவின் வாயிலிருந்து மீண்டு வந்தவனையா அடிக்கிறாய்?” என்று பேத்தி சந்தனத்தைக் கடிந்து அழுதாள். ஆனால், சந்தனத்தின் மீது குற்றமில்லை. மனிதர் முகத்தால் அறிவதைப் பூனை மணத்தால் அறிகின்றது. கன்னத்திலும் நெற்றியிலும் வாலின் அடியிலும் அதற்கு மணச்சுரப்பிகள் உள்ளன. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி, நக்கி, தமக்கெல்லாம் பொதுவானதொரு மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அப்பொது மணமே அவற்றின் குடும்ப அடையாளம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர்; ஒரு தாய்ப்பூனையின் குட்டிகள் பல நிறத்தன ஆயினும் ஓரினமே என்பதை 'முரசு' என்னும் பாட்டிற் பாடினார். மானிடர்க்கு அவர் அதனை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உறவை முகர்ந்தறியும் பூனைக்கோ நிறம் ஒரு பொருட்டன்று.

மூன்று இரவுகளில் மிளகின்மேல் இருந்த வீட்டு மணம் போய்விட்டது. கிருமிநாசினியின் நெடியும், மருந்தின் வாடையும், அயல் விலங்குகளின் அச்ச மணமும் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டன. மயக்கமும் நோவும் அதன் நடையையும் மாற்றியிருந்தன. சந்தனத்தின் அறிவுக்கு உட்பட்டவரை, வந்தது மிளகன்று. மிளகின் உருவில் வந்த அயலான்.

தாத்தாவின் மகள் ஐம்பதைக் கடந்தவர். வீட்டுப் பொறுப்பெல்லாம் அவருடையது. அன்றிரவு அவர், “அப்பா, இனி இவ்விரண்டும் ஒரு கூரையின் கீழ் வாழா. காலாப்பட்டில் நம் உறவினர் பூனை கேட்டிருந்தனர். சந்தனத்தை அவர்களிடம் கொடுத்துவிடுவோம். நோயாளியை நாம் வைத்துக்கொள்வோம்” என்றார். சொல்லில் நியாயம் இருந்தது. பேத்தி வாய் திறவாமல் தாத்தாவைப் பார்த்தாள்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அம்மா, உனக்கு மூன்று வயதாய் இருந்தபோது ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன்” என்று தொடங்கினார். “இரண்டரை ஆண்டு கழித்து விடுப்பில் வந்தேன். படைச் சட்டையோடு வாயிலில் நின்று உன்னைத் தூக்கக் கை நீட்டினேன். நீ அலறி என் கையைக் கடித்தாய். ‘இந்த ஆளைப் போகச் சொல்’ என்றாய். அன்று நான் உள்ளே வரவில்லை. உன் அம்மா என்னைத் திண்ணையில் படுக்கச் சொன்னாள். படைச் சட்டையைக் களைந்து வேட்டி உடுத்தச் செய்தாள். நீ போர்த்து உறங்கும் அவளது பழஞ்சேலையை எனக்குப் போர்த்தத் தந்தாள். ‘நீங்களாக அழைக்க வேண்டாம், அவளாக வரட்டும்’ என்றாள். ஆறாம் நாள் நீயே வந்து என் துண்டைப் பற்றி இழுத்தாய்.”

மகள் இதனை முன்பு கேட்டதில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார்.

மறுநாள் மருத்துவரைக் கேட்டனர். அவர் கூறிய வழி, அரை நூற்றாண்டுக்கு முன் அவ்வீட்டுத் தலைவி கண்டதிலிருந்து வேறன்று என்பது வியப்பே. விலங்கு மருத்துவத்துக்கென முதற் கல்லூரி 1761-இல் பிரெஞ்சு நாட்டு இலியோன் நகரில் நிறுவப்பெற்றது. புதுச்சேரியில் குரும்பாப்பேட்டையில் 1994-இல் அத்தகைய கல்லூரியொன்று தோன்றியது. கலை இவ்வாறு வளர்ந்த பின்னரும், இந்நோய்க்கு மருந்து பொறுமையும் பழந்துணியுமே.

மிளகை அறைவீட்டில் தனியே வைத்துக் கதவைச் சாத்தினர். நீரும் உணவும் மணல் தட்டும் அங்கேயே. மகளே தம் பழஞ்சேலையொன்றைக் கிழித்து இரு துண்டாக்கினார். ஒன்றில் மிளகு படுத்தது. மற்றதில் சந்தனம் படுத்தது. நாள்தோறும் துண்டுகளை மாற்றி இட்டனர். முதல்நாள் சந்தனம் துணியைக் கண்டே சீறியது. மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டு அப்பால் சென்றது. ஐந்தாம் நாள் அதன்மேல் கன்னத்தை உரசியது. அதன்பின் சாத்திய கதவின் இருபுறமும் உணவு வைத்தனர்: சந்தனத்துக்கு அவித்த நெத்திலி, மிளகுக்கு மருத்துவர் குறித்துத் தந்த உணவு. நெத்திலியின் மணம் கதவிடுக்கில் நுழைந்ததும் மிளகு தன் தட்டை வெறுத்துக் கத்தியது வேறு கதை.

இடையில் ஒருமுறை பேத்தி பொறாது கதவைத் திறந்துவிட்டாள். மீண்டும் சீற்றம், மீண்டும் இரண்டு நாள் பின்னடைவு. பூனை தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்தது. பூசலிட்டபின் இணங்கிப்போகும் குறிப்புகள் அதனிடம் மிகக் குறைவு. ஆதலின் ஒவ்வொரு பூசலும் புதிய பகையாய்ப் படிந்துவிடும். முதியவர் பேத்தியைக் கடிந்துகொள்ளவில்லை. “நானும் கூடையைத் திறந்தவன்தானே” என்றார்.

பத்தாம் நாள் கதவை ஒரு சாண் திறந்து கல்லொன்றை அண்டக் கொடுத்தனர். இரண்டும் இடுக்கின் வழியே மூக்கோடு மூக்கு வைத்தன. சந்தனம் சீறவில்லை, திரும்பிப் போய்த் தன் சாக்கில் படுத்தது. பன்னிரண்டாம் நாள் கதவு முழுதும் திறந்தது. வீட்டார் மூவரும் மூச்சடக்கி நின்றனர். மகளின் கையில் மட்டும் ஒரு தலையணை இருந்தது.

மிளகு மெல்ல வெளியே வந்தது. முற்றத்தில் வெயில் இருந்த பக்கம் சென்று படுத்தது. சந்தனம் தொலைவிலிருந்து பார்த்தது. பார்க்காததுபோல் தன் காலை நக்கிக்கொண்டது. வெயில் ஒரு முழம் நகர்ந்தது. மிளகும் நகர்ந்தது. அப்போது சந்தனம் எழுந்து சென்று அதனருகே அமர்ந்தது. ஊசி ஏற்றுதற்காக மழித்து, இன்னும் மயிர் முளையாதிருந்த அந்த முன்னங்காலை நக்கத் தொடங்கியது.