இன்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது

இங்கிலாந்தில் வீட்டு கராஜில் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களைப் பார்க்கப் போகிறவர் கண் முதலில் இன்ஜின் மேல்தான் விழும். நான் பார்க்கச் சொல்வது அதைச் சுற்றி ஓடும் ரப்பர் ஹோஸ்களையும், ஆக்ஸிலரேட்டர் பெடலிலிருந்து வரும் ஒற்றைக் கேபிளையும். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம்: 1957-இல் லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது பாகங்களாக வாங்கினால் வரி மிச்சமானது. அதன் உரிமை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் எழுதிய புத்தகம், 250 பவுண்டுக்கே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்றது. அந்தக் காசுக்குக் கட்ட வேண்டுமானால் பழைய கார் ஒன்றைப் பிரித்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். மொண்டியோ காரில் குறுக்காக உட்கார்ந்திருந்த ஃபோர்டு ஸீடெக் இன்ஜினைத் தாங்கள் கட்டும் காரில் நெடுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் வாய் இப்போது பின்பக்கம், ஓட்டுநர் காலடிக்கு முன்னாலுள்ள தகட்டை முட்டுகிறது; ரேடியேட்டரோ காரின் தாழ்ந்த மூக்கில். இந்த இரண்டையும் இணைக்கிற ஹோஸ் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. கட்டுகிறவரின் கைத்திறனுக்கு உரைகல் இந்த இடம்தான் என்பது என் கட்சி.

ஹோஸை வளைத்துக் கொண்டுபோகும்போது நடுவில் ஒரு மேடு விழுந்தால் காற்று அங்கே தங்கிவிடும். வெப்பநிலை சென்சார் அந்தக் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க மீட்டர் முள் சாதுவாகக் கீழே கிடக்கும். அதனால்தான் கூலன்ட் தொட்டியை எல்லாவற்றையும்விட உயரத்தில் வைக்கிறார்கள். அதன் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. அத்தனை அழுத்தத்தையும் தாங்க வேண்டியது ஒவ்வொரு இணைப்பும். அலுமினியக் குழாயின் முனையில் மோதிரம் போல ஒரு விளிம்பு புடைத்திருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி ஏற வேண்டும், கிளிப் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். விளிம்பின் மேலேயே கிளிப்பை இறுக்கினால், கையால் இழுக்கும்போது ஹோஸ் வராது, சூடேறினால் வந்துவிடும். 1921-இல் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப்பின் வம்சம்தான் இன்றைக்கும் புழக்கத்தில். ஆனால் சிலிக்கான் ஹோஸ் மிருது. பட்டையில் வெட்டுத் துளைகள் உள்ள கிளிப் அதைக் கடித்துவிடும். உட்புறம் வழுவழுப்பான பட்டை வேண்டும்.

கேபிளின் கதையும் இதேதான். ரப்பர் மவுன்டில் உட்கார்ந்த இன்ஜின் ஆடும், சேசிஸ் ஆடாது. நம் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, உறையின் இரு முனையும் ஒழுங்காகப் பிடித்திருந்தால் நடுவில் எத்தனை ஆடினாலும் உள்கம்பிக்குத் தெரியாது. உறை நழுவினால், இன்ஜின் குலுங்குகிறபோதெல்லாம் த்ராட்டில் தானாகத் திறக்கும். பெடலுக்குக் கீழே ஒரு தடுப்பு போடாவிட்டால், த்ராட்டில் வால்வு முழுக்கத் திறந்த பிறகும் காலின் பலமெல்லாம் கம்பியின் மேல்தான் இறங்கும்.

கேட்டர்ஹாம் போன்ற நிறுவனத்தில் முழு கிட் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி குறைவுதானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஹோஸ் பெட்டியிலேயே வரும், அவர் செய்வது பெரும்பாலும் பூட்டும் வேலை. நான் பேசுவது பழைய கார் பாகத்தை வைத்துக் கட்டுகிறவரைப் பற்றி. இவ்வளவு அபாயமான வேலையைத் தொழில் தெரியாதவர் கையில் விடலாமா என்பது இன்னொரு ஆட்சேபம்; இதில் பாதி நியாயம் உண்டு. சாலைக்குக் கொண்டுவருமுன் ஐவிஏ என்ற அரசுப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர் முனைகளைக்கூட அளந்து பார்ப்பார்கள். ஆனால் அது ஒரு நாள் சோதனை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி ரப்பர் அமுங்குவது அதற்குப் பிறகு நடக்கிற காரியம். அதைத் தெரிந்தவர் முதல் சில ஓட்டங்களுக்குப் பின், இன்ஜின் ஆறியதும் டார்ச்சோடு காருக்கடியில் படுத்து, ஒவ்வொரு கிளிப்பாக ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்ப்பார். ஒன்றிரண்டு திருகு கால் சுற்று கேட்கும்.