இன்னும் வராத விளையாட்டும் முன்னமே வந்துவிட்ட பாட்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பத்தாம் வகுப்பு மாணவியர் எதற்காகக் காத்திருப்பார்கள் என்று கேட்டால், பொதுத்தேர்வு முடிவதற்காக என்று யாரும் சொல்லிவிடுவர். நாங்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறோம். ஆனால் தேர்வுக்கு அப்பால் எங்கள் நால்வருக்கு மட்டும் இன்னொன்று இருக்கிறது. அது ஒரு கணினி விளையாட்டு! இதைக் கண்டதும் முகம் சுளிக்கும் பெற்றோர்களும் அருட்சகோதரிகளும் சற்றே பொறுத்தருள வேண்டும். போர் இதிலும் உண்டு, மறைப்பானேன்? ஆயினும் உழவும் எழுத்தும் கோயிலும் கடல் வாணிபமும் அதைவிட மிகுதி.

'சிவிலைசேஷன்', அதாவது 'நாகரிகம்' என்பது இதன் பெயர். சிட் மெயர் என்பவர் பெயரால் இதன் முதல் விளையாட்டு 1991-ல் வெளிவந்தது. கி.மு. 4000-ல் ஒரு சிறு கூட்டத்தாரோடு ஆட்டம் தொடங்குகிறது. எங்கே ஊர் அமைப்பது, முதலில் மட்பாண்டம் கற்பதா சக்கரம் கற்பதா, அண்டை நாட்டாரோடு நட்பா பகையா என்றெல்லாம் நாமே முடிவு செய்ய வேண்டும். சதுரங்கம்போல முறை வைத்து ஆடுவதால் அவசரமில்லை. எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்லிச் சொல்லியே பொழுது விடிந்துவிடும் என்பது இதை ஆடுவோர் சொல்லும் கதை. இதனால்தானோ என்னவோ எங்கள் அன்னையர் அஞ்சுகிறார்கள்.

எங்களுக்கு இது அறிமுகமானது விளையாட்டாக அன்று, பாட்டாக. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சனிக்கிழமைதோறும் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் கூடிப் படிப்போம். அவளுடைய அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது மிகப் பழைய கணினி. புதிய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. ஆகவே 2005-ல் வந்த நான்காம் 'நாகரிகத்தை'யே அவர் விடாமல் ஆடிவந்தார். ஒருநாள் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஒருவர் பாட, பலர் சேர்ந்து பதில் பாட, முரசு முழங்க, அப்பப்பா! புத்தகத்தை வைத்துவிட்டு நால்வரும் வாசலில் போய் நின்றோம். திரையில் பூமிப் பந்து மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. விளையாட்டின் முகப்பே அதுதான். அண்ணன் ஆடத் தொடங்கப் போனார். "அண்ணா, ஆட வேண்டாம். பாட்டு முடியட்டும்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார்.

அன்று முதல் சனிக்கிழமை தோறும் அந்த முகப்பின் முன் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவோம். பொருள் தெரியாமலே முழுப் பாட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழிந்திருக்கும். பாட்டில் 'ஆமினா' என்று வருவதைக் கேட்டு எங்கள் பாடகர் குழுவின் முதற்குரல்காரி திடுக்கிட்டு, "ஏய், இது ஆமென் இல்லையா?" என்றாள். நாங்கள் நம்பவில்லை. அண்ணன் தேடிப் பார்த்துச் சொன்னார். பாட்டின் பெயர் 'பாபா யேத்து'. மொழி கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி. 'பாபா' என்றால் தந்தை, 'யேத்து' என்றால் எங்கள். ஆம், தினமும் காலை வழிபாட்டில் நாம் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபமேதான் அது! தெரியாமலே ஒரு மாதம் செபித்திருக்கிறோம்.

இதை அமைத்தவர் கிறிஸ்டோபர் டின். 1976-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த சோரன் ஜான்சன், பின்னாளில் நான்காம் 'நாகரிகத்தை' வடிவமைப்பதில் தலைமை ஏற்றார். பழைய மாணவர் சந்திப்பில் இருவரும் கண்டு பேச, அதிலிருந்து பிறந்தது இப்பாட்டு. முதலில் பாடியவர்களும் அதே பல்கலைக்கழகத்து மாணவர் குழுவினரே. பின்னர் தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ நற்செய்திப் பாடகர் குழு பாட, 2009-ல் ஒரு தொகுப்பில் இடம்பெற்று, 2011-ல் கிராமி விருது பெற்றது. கணினி விளையாட்டுக்கென எழுதப்பட்ட இசை ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. கல்லூரித் தோழமை எதில் கொண்டுபோய் விடும் என்று யார் கண்டார்!

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய 2024 ஜூனில், ஏழாம் 'நாகரிகம்' வருகிறது என்ற செய்தி வந்தது. அப்போதிருந்து எங்கள் காத்திருப்பு தொடங்கிற்று. மதிய உணவு மணி அடித்தால் இதே பேச்சு. அதற்கும் கிறிஸ்டோபர் டின்னே இசை என்று அறிந்தபோது நாங்கள் துள்ளிய துள்ளலைக் கண்டு, பரிசுச்சீட்டு விழுந்ததோ என்று ஆயாம்மா கேட்டார். ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்த விழாவில் விளையாட்டைக் காட்டினார்கள். புதிய பாட்டு பண்டைய கிரேக்க மொழியில். ஹோமரின் இலியத்திலிருந்து எடுத்த சொற்களோடு வேறு நாட்டுப் பழங்காவியங்களின் அடிகளும் சேர்ந்தது. கம்பீரமான பாட்டுத்தான். ஆனால் எங்களுள் மூவருக்கு இன்றும் 'பாபா யேத்து'வே உயர்ந்தது. இலியத் வீரர்களின் புகழைப் பாடுகிறது. இதுவோ அன்றன்றைய அப்பத்தைக் கேட்கிறது. நான்காமவள் இதை ஒப்புக்கொள்ளமாட்டாள். அவளுக்கு 2016-ல் வந்த ஆறாம் விளையாட்டின் பாட்டே பிடிக்கும். பறக்க ஆசைப்பட்ட லியனார்டோ டா வின்சியின் எழுத்திலிருந்து அமைந்த இத்தாலியப் பாட்டு அது.

பிறகு விளையாட்டில் இடம்பெறும் நாடுகள் ஒவ்வொன்றாக வெளியாயின. அவற்றுள் சோழர்! எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. அவர்களுடைய கப்பலின் பெயர் 'கலம்', நம் தமிழ்ச் சொல்லே. ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலும் உலக அதிசயங்களுள் ஒன்றாக இருக்கிறது. ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில் அதன் விமானத்தின் கீழ் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்கள் நாங்கள். விளையாட்டு வெளிவந்த நாள் 2025 பிப்ரவரி 11. ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின் மேல் சென்றது 1025-ல். ஆயிரம் ஆண்டு! இதை வரலாற்று ஆசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். "இந்த ஆர்வத்தைத் தேர்விலும் காட்டலாமே" என்றார்.

அந்தப் பிப்ரவரியில் உலகத்துக்கு அது வந்துவிட்டது. எங்களுக்குத்தான் வரவில்லை. பள்ளி வாயிலில் நின்றபடியே எங்கள் நான்கு அன்னையரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்: பத்தாம் வகுப்பு முடியும்வரை விளையாட்டு என்ற பேச்சே கூடாது. அண்ணன் இடையில் புகுந்து ஒரு வழி சொன்னார். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. புதுக் கணினியும் வாங்கியிருந்தார். "நான்கு பேரும் பொதுத்தேர்வில் கணக்கில் தேறுங்கள். முடிவு வந்த அன்றைக்கே வாங்கித் தருகிறேன். ஒருத்தி தவறினாலும் கிடையாது" என்றார். முடிவு வருவது மே மாதத்தில். ஜூனில் அவர் கணினியோடு பெங்களூருக்குப் போய்விடுவார். ஆக எங்கள் சாம்ராஜ்யத்துக்கு ஆயுள் சில வாரங்களே!

அதற்குள் சண்டைக்கு மட்டும் குறைவில்லை. ஏழாம் விளையாட்டில் எந்தத் தலைவரும் எந்த நாட்டையும் ஆளலாம். காலம் மாறும்போது நாடும் மாறும். மௌரியராய்த் தொடங்கிச் சோழராகி முகலாயராய் முடியலாம். அசோகர் சோழ நாட்டை ஆள்வதா என்று ஒருத்தி கொதித்தாள். போரை வெறுத்தவர் கையில் கப்பற்படை இருந்தால் நல்லதுதானே என்றாள் மற்றொருத்தி. கத்தோலிக்க அரசி என்பதால் ஸ்பெயினின் இசபெல்லாவை எடுப்போம் என்ற யோசனை வந்தது. 1492-ல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியவள் அவள் என்று படித்ததும் அதைக் கைவிட்டோம். முடிவில் ஹாரியட் டப்மனைத் தேர்ந்தோம். அடிமையாய்ப் பிறந்து, 1849-ல் தப்பி ஓடி, தான் மட்டும் பிழைத்தால் போதும் என்று இராமல் திரும்பத் திரும்பப் போய் ஏறத்தாழ எழுபது பேரை மீட்டு வந்தவர். எழுத்தறியாத அப்பெண்மணி சோழர் கலத்தில் ஏறிப் போவதை எண்ணினால் எங்களுக்கு மெய் சிலிர்க்கிறது.

பாட்டுக்கு வருவோம். இவ்வாண்டு கிறிஸ்துமஸ் விழாவில் 'பாபா யேத்து' பாட அனுமதி கேட்டு, பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டரிடம் போனோம். விளையாட்டுப் பாட்டு என்றதும் அவர் முகம் இறுகியது. செபம் என்று விளக்கியபோது இன்னும் இறுகியது. "செபத்தைக் கொண்டுபோய் விளையாட்டுக்கு வாசற்படியாய்ப் போடுவதா, பிள்ளைகளா?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் முழுமையாய் இல்லை. "கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், சிஸ்டர்" என்று மட்டும் சொன்னோம். மறுநாள் அவரே அழைத்தார். இயேசு நாதர் தம் பிதாவை அழைத்த 'அப்பா' என்ற சொல்லையும் இந்தப் 'பாபா'வையும் நம் வீட்டு 'அப்பா'வையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். "திருப்பலியில் வேண்டாம். விழா மேடையில் பாடுங்கள்" என்றார்.

பாடுவது எளிதாயிருக்கவில்லை. மூலத்தில் முதற்குரல் ஆண்குரல், அடிக்குரலும் ஆண்களுடையதே. பெண்கள் பள்ளியில் அதற்கு எங்கே போவது? அடிக்குரலை சிஸ்டர் கீபோர்டில் வாசித்தார். முதற்குரலுக்கு அவளே, 'ஆமென்' கண்டுபிடித்தவளே. 'ம்பிங்குனி' என்ற சொல்லில் உதட்டை மூடிக்கொண்டே தொடங்க வேண்டும். தமிழில் எந்தச் சொல்லும் இப்படித் தொடங்குவதில்லை. ஒரு வாரம் நாங்கள் அனைவரும் பசு முனகுவதுபோல் முனகிக்கொண்டு திரிந்தோம்.

விழாவுக்கு முன்பே அரையாண்டுத் தேர்வுக் கணக்குத்தாள் கைக்கு வந்தது. அவளுக்கு 31. தேறுவதற்கு 35 வேண்டும். அன்று மாலை பயிற்சிக்கு அவள் வரவில்லை. தேடிப் போனால் மாதா கெபிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணாகிட்டே சொல்லி என் பேரை எடுத்துடுங்கடி. என்னாலே உங்க மூணு பேருக்கும் இல்லாமல் போக வேண்டாம்" என்றாள். நாங்கள் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், வரும் வழியில் அதே எண்ணம் எங்களுக்கும் ஒரு கணம் வந்துபோயிற்று. அவளைப் பார்த்தபின் வெட்கமாயிருந்தது. கடைசியில் ஒருத்திதான், "நீ இல்லாமல் முதற்குரலை யாருடி எடுக்கிறது? எழுந்திரு" என்றாள். எழுந்து வந்தாள். விழாவில் அவள் தனியே தொடங்கிய அந்த முதல் சில நொடிகளில், பின்னால் நின்றிருந்த நாங்கள் எங்கள் இடத்தில் பாட மறந்துவிடுவோமோ என்று பயந்தோம்.

இப்போது சனிக்கிழமைகளில் கணக்கு மட்டுமே. விளையாட்டை ஆடியவர்கள் ஆயிரம் குறை சொல்கிறார்கள் என்றும், அவற்றை ஒவ்வொன்றாய்த் திருத்தி வருகிறார்கள் என்றும் அண்ணன் சொல்கிறார். திருத்தட்டும், எங்களுக்கு அவசரமில்லை. முதல் திருப்புதல் தேர்வில் அவளுக்கு 38. இரண்டாவதில் 36; அன்று யாரும் அதிகம் பேசவில்லை. மூன்றாவதில் 44. முக்கோணவியல்தான் இன்னும் உதைக்கிறது.

அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஓர் ஆறு, அது கடலோடு கலக்குமிடம், அங்கே எங்கள் முதல் ஊர், துறையில் நான்கு கலங்கள். சென்ற வாரம் நோட்டுத் திருத்திய கணக்கு ஆசிரியை அதையும் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நடுங்கினோம். அவர் அப்பக்கத்தில் இருந்த கோபுரத்தின் உயரத்தையும் கப்பலிலிருந்து அதன் ஏற்றக் கோணத்தையும் குறித்து, கப்பல் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அவள் அதைப் போட்டுவிட்டாள். விடை சரிதானா என்று திங்கட்கிழமை தெரியும்.