கேளாமல் எழுதிய தீர்ப்பு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கூச்சப்படுகிறவனுக்குக் காதும் மட்டு என்பதை என் அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

முதலாண்டில் விடுதி அறையில் என்னோடு தங்கியிருந்த நண்பன் நகரத்தில் வளர்ந்தவன். ஓர் இரவு தன் கைப்பேசியைக் கொடுத்து, ‘கிட் ஏ’ என்ற ஆல்பத்தைக் கேட்கச் சொன்னான். இங்கிலாந்தின் ரேடியோஹெட் என்னும் ராக் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது; மொத்தம் பத்துப் பாடல்கள். ஊதுகுழல்கள் ஒன்றோடொன்று முட்டி மோதிய மூன்றாம் பாட்டிலேயே இயர்போனைக் கழற்றிவிட்டேன். “இதெல்லாம் ஒரு பாட்டா? மோட்டார் கெட்டுப்போன சத்தம்!” என்றேன். அவன் சிரித்தான். அதன்பின் எந்தப் பாட்டையும் எனக்குக் கொடுக்கவில்லை.

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு பிடிக்காததல்ல காரணம். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்பவன். அறையிலுமா தலைகுனிவது? ‘புரியவில்லை’ என்பதைவிட ‘நன்றாயில்லை’ என்பது எளிதாக இருந்தது.

அதே கூச்சத்தில் இன்னொரு பிழையும் செய்தேன். என் தந்தை வள்ளி திருமணம் போன்ற நாடகங்களுக்குக் கால் ஆர்மோனியம் வாசிப்பவர். “அப்பா என்ன செய்கிறார்?” என்று நண்பன் கேட்டபோது, “விவசாயம்” என்றேன்.

இரண்டாமாண்டில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் விம்மல்களைப் பற்றி நடத்தினார். அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கவிட்டால், ஒலி ஏறி இறங்கி விம்முகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த விம்மலின் எண்ணிக்கை. இந்தத் தத்துவத்தைக் கொண்டு 1928-இல் மொரீஸ் மார்த்தெனோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்னிசைக் கருவியை அறிமுகப்படுத்தினார் என்றார். செவிக்கு எட்டாத இரு மின் அதிர்வுகள். அவற்றின் வேறுபாடு மட்டும் இசையாகக் காதில் விழும்! மாலையில் அதைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘கிட் ஏ’யில் ஜானி கிரீன்வுட் வாசித்த கருவிகளுள் அதுவும் ஒன்று!

அன்றிரவு மறுபடி கேட்டேன். அன்று நான் எட்டாமல் விட்ட நான்காம் பாட்டில் அந்தக் கருவி மனிதரைப் போலவே விம்மியது. பாடகர் தாம் யார்க் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி, குலுக்கலில் எடுப்பதுபோல் எடுத்துச் சில பாடல்களை அமைத்தாராம். பாடியவரே பொருளைத் தொடர்ச்சியாக வைக்காத பாட்டில், பொருள் புரியவில்லையே என்றா நான் வெட்கினேன்! 1997-இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ போல் கிட்டார் ஒலியை எதிர்பார்த்த ஆங்கிலேயரிலும் சிலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்களாம். பின்னர் 2001-இல் சிறந்த ஆல்டர்நேடிவ் ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்மோனியம்! எங்கள் வீட்டுத் திண்ணையில் பிறந்தது முதல் நான் கேட்டு வளர்ந்த மூச்சு அது.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்தப் பாட்டை அப்பாவின் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

“கால் பெட்டியாச்சே இது! எந்த நாடகம்டா?”

“நாடகமில்லப்பா. வெள்ளக்காரங்க பாட்டு.”

“அங்கயும் இருக்கா?” என்றவர், “இன்னொரு தடவ போடு” என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் நண்பனிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். அந்த ஆல்பம் நல்ல ஆல்பம் என்பது ஒன்று; என் தந்தை ஆர்மோனியக் கலைஞர் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அவன், “அப்பவே சொன்னேனே” என்றான். இரண்டாவதற்குச் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லல?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. வைகாசித் திருவிழாவில் எங்கள் ஊரில் நாடகம். அவன் வருகிறான்.

— இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)