ரம்பத் துண்டு

குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் மரத்தரையைப் பெயர்த்தெடுக்கப் போகிறார்கள், அதற்குள் வந்து பார்த்துவிடு என்று நண்பர் அழைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பெயர்க்கும் பேச்சு நின்றிருந்தது. நிறுத்தியவர் கூடத்தின் நடுவே மண்டியிட்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆசாரி. தேங்காய் நார் அடைத்த சாக்குத்துணியை இரு முட்டியிலும் கட்டியிருந்தார்.

அந்த வீட்டின் தரை மண்ணில் படிந்ததல்ல. கற்சுவர்மேல் சட்டங்கள் போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்து, கீழே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அங்கே காற்று புகுந்து வெளியேற வெளிச்சுவரின் அடியில் கம்பிவலை வைத்த துளைகள். நடுவில் யாரோ பெருச்சாளிக்குப் பயந்து துளைகளை சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் மலை அது. அடியில் தங்கிய ஈரம் சட்டங்களில் ஏறி, சன்னலோரப் பலகைகள் உளுத்துவிட்டன.

வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் முழுத்தரையும் போய்விட்டது என்றார். லேமினேட் போட்டுவிடலாம், பழைய பலகையை இலவசமாகவே அப்புறப்படுத்துகிறோம் என்றார். பெயர்ப்பதற்குக் கூலிக்கு வந்தவர்தான் இந்த ஆசாரி. முதல் பலகையைக் கிளப்பியதும் அதைத் திருப்பி வீட்டுக்காரம்மாவிடம் காட்டியிருக்கிறார். “வைரம் பாய்ஞ்ச தேக்குங்க அம்மா. கெட்டது பதினோரு பலகை. மத்ததுக்கு ஒண்ணும் ஆகலை.”

குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். இந்த வீடு அதற்கும் முந்தியது. அதன் மரமெல்லாம் மாடும் மனிதரும் மூச்சிரைக்க மலைமேல் ஏற்றியது. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஒருமுறை அறுத்த மரத்தை மறுபடி ஆளத் தெரிந்திருந்தது அன்றைக்கு. இன்று அதே மரம் ‘இலவசமாக’ லாரியில் கீழே இறங்குகிறது.

பதினோரு பலகையை மாற்றியதையும் சந்துகளை அடைத்ததையும் நான் அதிகம் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க ஆசாரியின் கையிலிருந்த தகட்டின்மேல் இருந்தது. உள்ளங்கை அகலம், பிடி கிடையாது. அவருடைய அப்பாவின் ரம்பம் உடைந்தபோது அதிலிருந்து வெட்டிய துண்டாம். விளிம்பை அரத்தால் நேராக்கி, ஓர் உருண்டை இரும்பை அழுத்தி இழுக்கிறார். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு மடங்குகிறது. விரல் வைத்தால்தான் தெரியும். அந்தப் பிசிறுதான் வெட்டுகிறது. இரண்டு கட்டைவிரலாலும் தகட்டை லேசாக வளைத்துத் தள்ளினார். பல வருடத்துக் கறுத்த மெழுகும் அழுக்கும் சுருள் சுருளாக எழுந்தன. அடியில் தேன் நிறத்தில் தேக்கு.

“சுருள் வரணும் தம்பி. தூள் வந்தா தகடு மழுங்கிருச்சுன்னு அர்த்தம்.”

மெஷின் வைத்தால் ஒரே நாளில் முடியுமே என்று கேட்டேன். பழைய பலகை ஒன்றை நிமிர்த்தி அதன் ஓரத்தைக் காட்டினார். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் நுழைந்திருக்கிறது. பள்ளத்துக்கு மேலே இருக்கும் மரம் மிகக் கொஞ்சம். இதற்கு முன் இரண்டுமுறை மெஷின் ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். இன்னொரு முறை ஓட்டினால் பள்ளத்தின் உதடு பிளந்து, ஆணித் தலை வெளியே வந்துவிடும். அதற்குப்பின் அந்தத் தரையைக் காப்பாற்ற வழியே இல்லை.

பதினோரு வயதில் அப்பாவோடு இந்த மலைக்கு வந்தவர். அப்பா உளியைத் தரவில்லையாம், மூன்று வருடம் இந்தத் தகடு மட்டும்தான். இப்போது இரண்டு முட்டியும் வீங்கியிருக்கின்றன. காலையில் குளிரில் எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தரை தப்பியதும் ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டை மாற்றி எழுதினார். அதில் ‘ஹெரிடேஜ் ரெஸ்டோரேஷன்’ என்ற பெயர் ஏறியது, சதுர அடி விலையும் ஏறியது. ஆசாரிக்கு, பெயர்க்க வந்தபோது பேசிய அதே நாள்கூலி. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கொதித்தது. பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட அறிவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அது பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவருக்குப் போகிறது. பழைய வீடு வைத்திருப்பவர்களே, ஆசாரியிடம் நேரே பேசுங்கள். எத்தனை பலகை கெட்டிருக்கிறது என்று அவர் வாயால் கேளுங்கள். கூலியை அவர் கையில் கொடுங்கள். இடையில் நிற்பவருக்கு உங்கள் தேக்கு தரை அல்ல, சரக்கு.

கடைசி நாள் ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். துணியில் மெல்லத் தொட்டு, மர இழை போகும் திசையிலேயே. மிஞ்சியதைத் துடைத்தெடுத்தார்கள். துடைத்த துணிகளை ஒரு பையன் மூலையில் குவித்துப் போட, ஆசாரி அதட்டினார். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றும். எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் முக்கவைத்தார்.

பிறகு வெளியே போய், சிமெண்ட் அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் திறந்தார். அது மதிப்பீட்டில் இல்லாத வேலை. பெருச்சாளிக்குப் புதுக் கம்பிவலை அடித்தார். கிளம்பும்போது வீட்டு வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டு, “தண்ணி ஊத்தி மட்டும் துடைக்காதம்மா, துணியைப் பிழிஞ்சு துடை” என்று இரண்டு தடவை சொன்னார். தகட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.