மூட்டத்துக்காரர் வேடம்

அந்தக் குறுநாடகத்தின் உயிரான காட்சி என்னுடையதல்ல. பத்திரிகையில் என் பெயரில்தான் அச்சாகியிருக்கிறது. அதை உண்டாக்கியவரை அவர் ஊர் மந்தையிலேயே தலைகுனிய வைத்தேன். பிறகு அவர் செய்ததை எனதாக்கிக்கொண்டேன்.

விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பற்றிய நாடகம் அது. முன்பணம் வாங்கியதால் மூட்டத்தை விட்டு நகர முடியாத ஒரு குடும்பத்தின் கதை. நடித்தவர்கள் பகலில் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். மூட்டத்துக்காரராக வந்தவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் வேடம் கட்டியவர். கூப்பிடுகிறவர்கள் குறைந்ததும் மூட்டம் போட்டுப் பிழைத்தவர்.

கான்ட்ராக்டரிடம் கெஞ்சும் இடத்துக்கு நான் முழுப்பக்க வசனம் எழுதியிருந்தேன். ஒத்திகையில் அண்ணாச்சி அதை முழுதாகப் பேசவில்லை. பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். சட்டென்று குனிந்து, இல்லாத மூட்டத்தில் இல்லாத ஓட்டையைத் தேடி, ஈரமண்ணை அள்ளி அப்பினார். அப்பிக்கொண்டே கான்ட்ராக்டருக்குப் பதில் சொன்னார். மூட்டத்துக்குள் காற்று புகுந்தால் விறகு கரியாகாது, சாம்பலாகிவிடும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே அந்த மனிதனுக்கு அழக்கூட நேரமில்லை. வெள்ளைப் புகை அடங்கி நீலப் புகை எப்போது வரும் என்று பார்த்தபடியே மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். ஒத்திகை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

என் வசனத்தைவிட அது உசத்தி என்று அப்போதே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"அண்ணாச்சி, பபூன் வேலையெல்லாம் இங்க வேண்டாம். எழுதினதை மட்டும் பேசுங்க" என்றேன். எல்லாரும் கேட்கச் சொன்னேன். மதுரையிலிருந்து நாடகக்காரர்கள் சிலர் பார்க்க வருவதாக இருந்தது. பழைய கூத்து என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நான்தான் எழுதினேன் என்று தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளையே துணைக்கு இழுத்தேன். 1918-இல் பாலர் சபை வைத்து, பையன்களுக்குப் பாடம் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தவர் அவர்தானே என்றேன். அதே சுவாமிகளின் வள்ளி திருமணத்தை, ஸ்பெஷல் நாடக மேடையில் ஒத்திகையே இல்லாமல் அன்றைக்குச் சந்தித்த நடிகர்கள் தர்க்கம் பேசிப் பேசி விடிய விடிய நடத்துகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தத் தர்க்கத்தில் ஊறி வந்தவரிடமே இப்படிப் பேசினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது, பார்வையாளராக இருந்த ஒரு பெண் மேடைக்கு வந்து தானே நடித்துக் காட்டினார். போவாலின் அரங்கம் அதிலிருந்து திசைமாறியது. கோவில்பட்டியில் இளைஞர்களுக்கு நான் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். என் கண்ணெதிரே ஒருவர் எழுந்து நடித்துக் காட்டியபோது உட்காரச் சொன்னேன்.

அண்ணாச்சி எதிர்த்துப் பேசவில்லை. "சரி தம்பி" என்றார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மகளை வாசிக்கச் சொல்லிப் பாடம் பண்ணினார்.

நாடகம் அவர் ஊர் மந்தையில் நடந்தது. கான்ட்ராக்டர் காட்சியில் இரண்டாவது வரியில் வசனம் விட்டுப்போயிற்று. நின்றார். கை தானாகக் கீழே போனது, மண் அள்ளுவதற்கு. உடனே என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் தலையசைத்திருந்தால் போதும். செய்யவில்லை. ஓரத்திலிருந்து சத்தமாக என் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் கேட்டுவிட்டது. "பபூனுக்குப் பாடம் மறந்துபோச்சுடோய்" என்று ஒருவன் கத்தினான். ஆயுசில் பாதியை ஜனங்களைச் சிரிக்க வைத்தே கழித்தவரைப் பார்த்து அவர் ஊரே சிரித்தது. அவர் பெண்டாட்டியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு அவர் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களை வீட்டில் அனுப்ப மறுத்தார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால் நம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி. குழு கலைந்தது. அது நின்றதற்கு வேறு காரணங்களை நான் வெளியில் சொல்லியிருக்கிறேன்: பணமில்லை, ஆளில்லை என்று. அவை பொய்.

நாடகத்தை அச்சுக்குக் கொடுக்கும்போது என் முழுப்பக்க வசனத்தை அடித்தேன். அந்த இடத்தில் ஓட்டையை, ஈரமண்ணை, நீலப் புகையை எழுதினேன். அவர் பேசிய வார்த்தைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அவர் பெயர் எங்கேயும் இல்லை. படித்தவர்கள் அந்தக் காட்சியைத்தான் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

கல்லூரிப் பிள்ளைகள் அதை நடிக்க இன்றும் என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். இதுவரை நானே கொடுத்து வந்தேன். கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. அண்ணாச்சி அதே ஊரில்தான் இருக்கிறார். டவுன் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். மன்னிக்க மாட்டார் என்று பயந்து போகாமல் இருக்கவில்லை. "அதுக்கென்ன தம்பி" என்று சொல்லி, காப்பி போடச் சொல்லுவார். அந்தக் காப்பியைக் குடிக்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.